பேராதனையின் நுணுக்குக்காட்டி: ஜோர்ஜ் துவைட்ஸ் வாழ்ந்த கதை

பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குப் போகாத மாணவி எமது கல்லூரியில் இருந்ததில்லை. அரசப் பனை வரிசையின் கீழ் இரண்டு இரண்டு பேராய்க் கைகோத்து நடந்ததும், பெரிய ஜாவா அத்தி மரத்தடியில் சோற்றுப் பார்சலைப் பிரித்ததும் எல்லா ஆண்டு வகுப்புகளுக்கும் பொதுவான நினைவுகள். ஆனால் அந்தப் பூங்காவை முப்பது ஆண்டுகள் கட்டியாண்ட மனிதரைப் பற்றி அன்று எமக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. தாவரவியலாளரிடையே இன்றும் நன்கு அறியப்பட்ட பெயர் அது. கண்டியிலேயே வாழ்ந்து கண்டியிலேயே இறந்த அவருக்கும் எமது கல்லூரிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. என்றாலும் அவரது மேசைக்கு வந்த ஓர் இலை எம்மில் அநேகரின் குடும்பக் கதையோடு பின்னிப் பிணைந்தது. சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூர அதுவே போதுமான காரணம் என்று எண்ணுகிறோம்.

ஜோர்ஜ் ஹென்றி கென்றிக் துவைட்ஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். தொழிலால் அவர் ஒரு கணக்காளர். பகலில் பேரேடுகளில் கூட்டிக் கழித்துவிட்டு, மீதி நேரத்தில் பூச்சிகளையும் பூவாத் தாவரங்களையும் தேடிப் போவார். பாசி, பன்னம், காளான் என்று பிறர் கால் வைத்து மிதித்துப் போகும் சின்னஞ்சிறு உயிர்களே அவருக்குப் பிடித்தவை. அவற்றைப் பார்க்க வெறுங்கண் போதாது. ஆகவே நுணுக்குக்காட்டி அவரது வாழ்நாள் தோழனாயிற்று.

அந்தக் கருவியின் வழியே அவர் கண்ட ஒன்று ஐரோப்பிய அறிஞரிடையே அவர் பெயரை நிலைநிறுத்தியது. நீரில் வாழும் தயற்றங்கள் ஒற்றைக் கலமுள்ளவை, கண்ணாடி போன்ற ஓடுடையவை. அவை விலங்குகளா தாவரங்களா என்ற வாக்குவாதம் அப்போது நடந்துகொண்டிருந்தது. இரண்டு தயற்றங்கள் ஒன்றோடொன்று இணைந்து இனம்பெருக்குவதை, சில அல்காக்கள் செய்வதைப் போலவே அவை செய்வதை, துவைட்ஸ் கண்டு 1847இல் எழுதினார். அவற்றை அல்காக்களோடு சேர்க்க வேண்டும் என்ற தரப்புக்கு அது வலுவான சான்றாயிற்று. பல்கலைக்கழகப் பட்டமில்லாத அவரைப் பிரிஸ்டலின் மருந்தாளர் பள்ளியும் மருத்துவப் பள்ளியும் தாவரவியல் கற்பிக்க அழைத்தன. மருத்துவ மாணவருக்குப் பாடம் சொன்னவர் என்பதில் எமக்கும் ஒரு சிறு உரிமை உண்டு.

1849 மார்ச்சில் பேராதனைப் பூங்காவின் மேற்பார்வையாளராயிருந்த ஜோர்ஜ் கார்ட்னர் நுவரெலியாவில் திடீரென இறந்தார். அந்த இடத்துக்குத் துவைட்ஸ் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. கண்டிக்குப் புகையிரதம் வருவதற்கு இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைத்துக் கிடக்கும் 147 ஏக்கர் நிலம்தான் இனி அவரது உலகம். 1821இல் தொடங்கப்பட்ட பூங்கா அது.

முதல் பதினைந்து ஆண்டுகள் அவர் இலங்கையின் காடுகளில் உள்ள தாவரங்களைச் சேகரித்து, உலர்த்தி, இலக்கமிட்டு, பெயர் தேடும் வேலையில் ஆழ்ந்தார். இலங்கைத் தாவரங்கள் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளோடு அவர் இட்ட இலக்கங்களைத் தாங்கிய தாள்கள் ஐரோப்பாவின் பெரிய உலர்தாவரச் சாலைகளுக்கெல்லாம் போயின. இன்றும் அங்கே இருக்கின்றன. அந்த உழைப்பின் விளைவே 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இலங்கைத் தாவரங்களின் விவரப்பட்டியல். கியூ தோட்டத்து ஜோசப் ஹூக்கர் அதற்கு உறுதுணையாயிருந்தார். 1865இல் துவைட்ஸ் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். எமது மலைக்காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் ஓர் அழகிய கொடிக்குக் கென்றிக்கியா என்ற பெயர் அவரை நினைந்தே இடப்பட்டது. சார்ள்ஸ் டார்வினும் அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார்.

இந்தப் புகழில் பங்கு பெற வேண்டியவர்கள் வேறும் உண்டு. ஹர்மானிஸ் டி அல்விஸ் என்ற சிங்கள ஓவியர் பல பதின்ம ஆண்டுகள் பூங்காவில் தாவரங்களை வரைந்தார். அவருக்குப் பின் அவர் மகன் வில்லியம் அந்தத் தூரிகையை ஏற்றார். காட்டுக்குள் ஏறி இறங்கிச் சேகரித்த உள்ளூர் மக்களின் பெயர்களோ பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை.

பூக்கும் தாவரங்களின் பட்டியல் முடிந்த பிறகு துவைட்ஸ் தமது பழைய காதலுக்குத் திரும்பினார். கண்டியின் மழைக்கு விழுந்த கிளை எதுவும் நெடுநாள் வெறுமனே கிடப்பதில்லை என்பது எமக்குத் தெரியும். சில வாரங்களில் அதன் மேல் காளான் பூக்கும். அவற்றுள் மிக அழகியவை கிண்ணக் காளான்கள். சில ஒரு மில்லிமீற்றர் அகலங்கூட இராது. மரத்தூளில் சிந்திய மஞ்சள் புள்ளிகள் என்றே தோன்றும். சில காலுள்ள கோப்பை போல் இளஞ்சிவப்பாக நின்று மழைநீரை ஏந்தியிருக்கும். வெப்ப நாடுகளின் ஈரக்காடுகளில் உக்கும் மரத்தில் பரவலாக வளரும் குக்கைனா அவ்வகையைச் சேர்ந்தது. முற்றிய கிண்ணத்தின் மேல் மெதுவாக ஊதிப் பார்த்தால் சில வேளை ஒரு மெல்லிய புகை எழும். அது ஒரே நேரத்தில் வெளியே எறியப்படும் ஆயிரமாயிரம் வித்திகள்.

இந்தச் சின்னஞ்சிறு கிண்ணங்களில் ஒன்றுக்குப் பெயர் சொல்வது எப்படி? நிறமும் அளவும் மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். முற்றிலும் வேறான இரண்டு இனங்கள் வெளித்தோற்றத்தில் அக்கா தங்கை போல் இருக்கும். முதலில் கைவில்லையால் பார்க்க வேண்டும்: கால் உண்டா, விளிம்பில் மயிர் உண்டா, எந்த மரம், பட்டையிலா உள்மரத்திலா? பின்பு சவர அலகால் கிண்ணத்தை மெல்லிய சீவலாக வெட்டி, ஒரு துளி நீரில் வைத்து, மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்க வேண்டும். கிண்ணத்தின் உட்சுவர் முழுவதும் நீண்ட பைகள் நெருக்கமாக நிற்பது தெரியும். ஒவ்வொரு பைக்குள்ளும் வழக்கமாக எட்டு வித்திகள், நெற்றுக்குள் பயறு போல வரிசையாய் இருக்கும். பையின் நுனி மூடி போலத் திறக்கிறதா, சிறு துளை வழியே வித்தியை விடுகிறதா என்பது குடும்பத்தையே பிரித்துக் காட்டும். அயடீன் கரைசல் ஒரு துளி விட்டால் சிலவற்றின் பை நுனி நீலமாகும், சிலவற்றில் ஆகாது. வித்தியின் நீளம், அகலம், மேற்பரப்பு, உள்ளே எண்ணெய்த் துளிகள், பைகளுக்கிடையே நிற்கும் நூல்களின் வடிவம், வெளிமயிரின் சுவர் என்று எல்லாவற்றையும் அளந்து எழுதிய பின்னரே பெயரைத் தேடலாம்.

நோயாளியைப் பார்க்கும் முறையும் இதுதான். முகத்தைப் பார்த்து நோயைச் சொல்வதில்லை. கேட்கிறோம், தொடுகிறோம், இரத்தத்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறோம். படர்தாமரை என்று சந்தேகிக்கும் தோலைச் சுரண்டி வழுக்கியில் வைத்துப் பங்கசு இழையைத் தேடும் நாட்களில், துவைட்ஸ் செய்த வேலையின் இன்னொரு கிளையைத்தான் நாம் செய்கிறோம்.

துவைட்ஸுக்கு ஒரு பெரிய இடர் இருந்தது. பெயரிட வேண்டிய நூல்களும் ஒப்பிட வேண்டிய மாதிரிகளும் இங்கிலாந்தில் இருந்தன. ஆகவே அவர் காளான்களை உலர்த்திப் பொட்டலங்களில் கட்டிக் கப்பலேற்றினார். கிண்ணக் காளான் உலர்ந்தால் சுருங்கி, நிறம் மாறி, பழைய புளியங்கொட்டைத் தோல் போல் ஆகிவிடும். அதனால்தான் பச்சையாக இருக்கும்போதே எழுதிய குறிப்புகளும், பூங்காவின் ஓவியர் தீட்டிய வண்ணப் படங்களும் அவ்வளவு பெறுமதியானவை. பொட்டலங்களைத் திறந்து பார்த்தவர்கள் இருவர்: மைல்ஸ் பார்க்லி என்ற கிராமத்துப் பாதிரியார்; பாத் நகருக்கருகே வாழ்ந்த கிறிஸ்தோபர் புரூம். பார்க்லி சாதாரணமானவர் அல்லர். 1840களில் அயர்லாந்தைப் பட்டினியில் தள்ளிய உருளைக்கிழங்கு நோய்க்கு ஒரு பங்கசே காரணம் என்று, பலர் மறுத்த காலத்தில் வாதிட்டவர் அவர். துவைட்ஸ் அனுப்பியவற்றைக் கொண்டு இருவரும் எழுதிய இலங்கைப் பங்கசுகளின் பட்டியல் 1870களில் இலண்டன் லின்னியன் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். எமது காடுகளில் உக்கிக் கிடந்த மரக்கட்டைகள் இப்படித்தான் உலக அறிவியலின் ஏட்டில் ஏறின.

அந்தப் பட்டியல் வெளிவருமுன்னரே, 1869இல், வேறு விதமான ஒரு பொட்டலம் பேராதனைக்கு வந்தது. மடுல்சீமைப் பகுதியில் கோப்பிச் செடிகளின் இலைகளின் கீழ்ப்புறம் செம்மஞ்சள் தூள் படிகிறது, இலை உதிர்கிறது என்று செய்தி. துவைட்ஸ் இலைகளைப் பார்த்தார், பங்கசு என்று உணர்ந்தார், பார்க்லிக்கு அனுப்பினார். பார்க்லியின் நுணுக்குக்காட்டியில் தெரிந்த வித்தி அவர் அதுவரை கண்டிராத ஒன்று. அது அவரை விதை வடிவானது. வளைந்த முதுகில் சிறு முகைகள், உட்புறம் வழுவழுப்பு. பாதி வழுவழுப்பானது என்ற பொருளில் அதற்கு ஹெமிலேயா என்றும், பாழாக்குபவள் என்ற பொருளில் வாஸ்டாட்ரிக்ஸ் என்றும் பெயரிட்டார்கள். பெண்பால் வந்தது இலத்தீன் இலக்கணத்தால்தான். சகோதரிகள் கோபிக்க வேண்டாம்.

பெயர் பொய்க்கவில்லை. அப்போது இலங்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பியை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. கண்டியைச் சுற்றிய மலைகள் எல்லாம் கோப்பி. விலை ஏறிக்கொண்டிருந்ததால் தோட்டத் துரைமார் பலர் இலை நோயைப் பெரிதாக எண்ணாமல் மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பியே நட்டார்கள். செடி உடனே சாவதில்லை. ஆண்டுக்காண்டு இலையை இழந்து, காய்ப்புக் குறைந்து, களைத்துப்போகும். கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார்கள். உரமிட்டுப் பார்த்தார்கள். 1880களில் விலை வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. 1884இல் ஒரியண்டல் வங்கி முறிந்தது. அந்த நூற்றாண்டு முடியுமுன் கோப்பித் தொழில் இத்தீவில் இல்லையென்றே ஆயிற்று.

நோய் இன்னதென்று தெரியும், மருந்து இல்லை. துவைட்ஸ் நின்ற இடம் அது. எமது தொழிலில் உள்ளவர்களுக்கு அந்த இடம் நன்கு பழக்கமானது. வார்ட்டுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்திடம் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வேறொன்றும் சொல்ல முடியாமல் நின்றதுண்டு. ஆயினும் சரியான பெயர் வீணல்ல. காற்றும் மண்ணும் சாபமும் அல்ல, ஓர் உயிரே காரணம் என்று தெரிந்தால்தான் அந்த உயிர் எப்படிப் பரவுகிறது என்ற அடுத்த கேள்வியைக் கேட்க முடியும். அந்தக் கேள்விக்கு விடை தேடி 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து வந்தார். வித்தி காற்றில் பறந்து வந்து இலையில் விழுகிறது, ஈரத்தில் முளைத்து இலைவாய் வழியே உள்ளே நுழைகிறது என்று அவர் காட்டினார். மலை மலையாக ஒரே செடியை நட்டது நோய்க்கு விருந்து வைத்தது போலாயிற்று என்பதும் அவர் ஆய்விலிருந்து தெளிவாயிற்று. பயிர்நோய் அறிவியலின் அடித்தளக் கற்களுள் ஒன்று இப்படிக் கண்டி மலைகளில் வைக்கப்பட்டது.

இனி எமது கதைக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போனவர்கள். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு ஏறினார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் பசியிலும் அந்த வழியில் விழுந்தவர்கள் எண்ணற்றோர். கோப்பி பறிப்பு முடிந்ததும் உயிரோடிருந்தவர்களில் அநேகர் ஊர் திரும்பினர். கோப்பி செத்த மலைகளில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர், 1900ஐ ஒட்டி 3 இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். எடுக்கப் பெண்களின் கைகள் வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்து லயன்களில் தங்கியவர்கள் திரும்பவில்லை. அவர்களின் பேத்திகளும் கொள்ளுப் பேத்திகளும் எமது வகுப்பறைகளில் எம்மோடு ஒரே வாங்கில் இருந்தார்கள். 1948இல் குடியுரிமை இழந்து, 1964 ஒப்பந்தத்தால் உறவு பிரிந்து, திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் நீலகிரிக்கும் போன தோழிகளின் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். ஒரு பங்கசு மட்டும் இதையெல்லாம் செய்யவில்லை. ஆட்சியும் இலாபமும் செய்தவை அதிகம். ஆனால் அந்தச் செம்மஞ்சள் தூள் இல்லாதிருந்தால் எம்மில் பலர் வேறெங்கோ பிறந்திருப்போம்.

துவைட்ஸின் மற்றப் பணிகளையும் சொல்லாமல் விடலாகாது. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று இருந்த ஒரே நல்ல மருந்தான கொயினா, சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. அந்த மரத்தை வளர்க்க 1861இல் ஹக்கலையில் அவர் மேற்பார்வையில் தோட்டம் அமைக்கப்பட்டது. முதலில் நட ஆளில்லை. கோப்பி வீழ்ந்தபோது எல்லோரும் அதைத் தேடி ஓடினார்கள். 1876இல் பிரேசிலிலிருந்து கியூ வழியாக வந்த இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டதும் அவர் பணிப்பாளராயிருந்த காலத்திலேயே. வண்ணத்துப்பூச்சிகளிலும் அவருக்கு ஈடுபாடு குறையவில்லை. இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றிய பெருநூலுக்கு அவரது சேகரிப்பும் டி அல்விஸ் குடும்பத்தாரின் படங்களும் பயன்பட்டன.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1880இல் ஓய்வு பெற்றபோது ஹென்றி டிரைமன் அவர் இடத்துக்கு வந்தார். துவைட்ஸ் பிரிஸ்டலுக்குத் திரும்பவில்லை. கண்டியிலேயே ஒரு வீட்டை வாங்கித் தங்கினார். 1882 செப்டெம்பர் 11ஆம் திகதி அங்கேயே கண்மூடினார். கோப்பியின் முழு அழிவையும் தேயிலையின் முழு எழுச்சியையும் அவர் காணவில்லை.

அவர் தொடங்கிய வேலையை வேறொருவர் தொடர்ந்தார். 1905இல் பேராதனைக்கு வந்த பங்கசு ஆய்வாளர் தோமஸ் பெட்ச், பழைய உலர் மாதிரிகளையும் ஓவியங்களையும் எடுத்துவைத்து, காட்டில் பச்சையாக வளர்ந்த காளான்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஒரே காளானுக்கு இரண்டு மூன்று பெயர் விழுந்திருந்த இடங்களைத் திருத்தினார். பின்பு தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளரானார். அவரும் கை பிஸ்பியும் சேர்ந்து எழுதிய இலங்கைப் பங்கசுகள் என்ற நூல், பெட்ச் இறந்து ஈராண்டுகளின் பின் 1950இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு பெயர்கள் பல மாறிவிட்டன. இன்று மரபணுவையும் படிக்கிறார்கள். ஆனால் கிண்ணத்தைச் சீவி நீர்த்துளியில் வைத்து வித்தியை அளக்கும் முதற்படி மாறவில்லை.

உலகெங்கும் சிதறியிருக்கும் சகோதரிகளிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உடவத்தக்கலையிலோ பேராதனைப் பூங்காவிலோ எதையும் பறிக்கக் கூடாது, கண்ணால் பார்க்கலாம். ஆனால் வீட்டுக் கொல்லையில் மழைக்கு உக்கும் பலாக் கிளை எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. மகளையோ பேத்தியையோ அழைத்துக் கைவில்லை ஒன்றைக் கொடுத்து அந்தக் கிளையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன நிறம், எந்த மரம், எந்தத் திகதி என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். நூற்றாண்டை முன்னிட்டுக் கல்லூரிக்கு ஏதாவது செய்ய விரும்புவோர் ஆய்வுகூடத்துக்கு ஒரு நல்ல நுணுக்குக்காட்டி வாங்கிக் கொடுப்பதைப் பற்றியும் யோசிக்கலாம். கணக்காளர் ஒருவர் இரவு நேரங்களில் அதை வைத்துக்கொண்டு செய்தவற்றை மேலே சொல்லிவிட்டோம். எமது பிள்ளைகளுக்கு இரவுகளும் உண்டு, வேண்டிய அளவு உக்கிய மரமும் உண்டு.